பத்துப் பாளம்

விலை ஆயிரத்து ஐந்நூறு. ரொக்கம், பேரமில்லை, ரசீதில்லை. எட்டு மாத உழைப்பு, ஒரு மனிதனின் லைசென்ஸ், இன்னொரு மனிதனின் வலது கால் எதனால் போனது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி, எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு. மச்சினன் அதை எண்ணி வாங்கியதோடு நில்லாமல், ஒவ்வொரு நோட்டையும் விளக்குக்கு நேரே பிடித்துக் கள்ள நோட்டா என்றும் பார்த்திருக்கிறான். அந்த மட்டில் கெட்டிக்காரன்.

"பொம்மைதானே மாமா. அலமாரியில இன்னும் பதினொண்ணு நிக்குதே. ஒண்ணு போனா என்ன இப்போ?"

கிரேன் ஆபரேட்டர் திரும்பிப் பார்த்தார். அலமாரியின் நடுத்தட்டில், தூசி படியாத செவ்வகம் ஒன்று அவரைப் பார்த்துப் பல்லிளித்தது. மற்ற பதினோரு கிரேன்களும் கடையில் வாங்கியவை. சம்பளம் வந்த மாதங்களில் ஆசைக்கு வாங்கிச் சேர்த்தது. அட்டைப் பெட்டிகூடக் கசங்காமல் பரணில் இருக்கிறது. பன்னிரண்டாவதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஒன்பது வருஷம் அவர் ஓட்டிய அதே வண்டி, ஐம்பதில் ஒரு பங்கு அளவில், அவர் கையாலேயே அறுத்து, அராவி, பற்றவைத்தது.

"யாருக்குடா வித்தே?" என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள். அதுவரை அவள் தம்பி கட்சி. அலமாரியைப் பூட்டி வைக்காதது யார் தப்பு என்று புருஷனையே இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

"முக்கால் சார் ஆள் அனுப்பிச்சாரு. ஆபீஸ்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கப் போறாராம். கௌரவம்தானே அக்கா?"

கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த நொடி மனைவி கட்சி மாறிவிட்டாள்.

"அவருக்குத்தான் முக்கால்னு பேரு. உனக்கு மூளையே முக்கால்தானாடா? திங்கட்கிழமை விசாரணைக்கு உங்க மாமா எதைத் தூக்கிட்டுப் போவாரு? உன்னையா?"

முக்கால் என்பது கிரேன் கம்பெனி முதலாளிக்கு வேலையாட்கள் வைத்த பேர். சம்பளத்தில் முக்கால் இப்போது, மீதி அடுத்த மாதம். டேங்கில் முக்கால் டீசல். கையுறை கேட்டால் ஆளுக்கு ஒன்று, ஜோடி இல்லை. எட்டு மாதம் முன்னால் அந்த வண்டி சாய்ந்து, சுமைக்குக் கயிறு கட்டும் முடிச்சு என்பவனின் காலை நசுக்கியபோது, பழியை மட்டும் அவர் முழுசாகக் கொடுத்தார். ஆபரேட்டர் வேகமாகத் திருப்பினார் என்று எழுதிக் கொடுத்தார். லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

ஆபரேட்டர் சட்டையை மாட்டினார். மச்சினன் சட்டைப்பையில் இருந்த ஆயிரத்து ஐந்நூறையும் உருவிக்கொண்டார். கோபத்தில் செருப்பு இடம் வலம் மாறியிருந்தது தெரு முனையில்தான் தெரிந்தது. மாற்றிப் போட நிற்கவில்லை.

கம்பெனியின் வரவேற்பறையில் அது இருந்தது. புதுக் கண்ணாடிப் பெட்டி, உள்ளே குட்டி விளக்கு, கீழே பித்தளைத் தகடு: "எங்கள் பெருமை. பின்பாரம் பத்துப் பாளம், ஐம்பது டன்."

பத்து. ஆபரேட்டர் குனிந்து எண்ணினார். அவர் செய்தது ஆறு. கிரேனின் முதுகில் எதிர்பாரமாக அடுக்கும் இரும்புப் பாளங்கள் அவை. நிஜத்தில் ஒன்று ஐந்து டன். அந்தக் கணக்குக்கு மாடலில் ஒன்று நாற்பது கிராம். நகைக்கடைத் தராசைக் கெஞ்சி வாங்கி, அராவி அராவி அந்த நாற்பதுக்குக் கொண்டுவந்திருந்தார். வண்டியின் உடம்பும் அப்படியே, சுமை தூக்கும் நீண்ட கையான பூமும் அப்படியே. கொக்கியில் தொங்கும் குண்டு நூற்றறுபது கிராம். அன்றைக்குத் தூக்கிய இருபது டன். இப்போது ஆறுக்கு மேல் நான்கு புதுப் பாளம், அதே மஞ்சளில் பளபளவென்று ஏறி உட்கார்ந்திருந்தது.

உள்ளே முதலாளி பேரத்தில் இருந்தார். எதிரே ஒரு காண்ட்ராக்டர் அம்மா, மடியில் ஹெல்மெட், கையில் சின்ன நோட்டு.

"நாள் வாடகையில இன்னும் பத்து சதவீதம் குறைங்க. இல்லேன்னா நான் எழுந்துக்கறேன்."

"எழுந்துக்கறேன்னு மூணு தடவை சொல்லிட்டீங்க மேடம். காபியாவது குடிச்சிட்டு எழுந்துக்கங்க."

ஆபரேட்டர் கதவைத் தட்டவில்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, மாடலைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போனார். தூக்கிய மாத்திரத்திலேயே அவர் கைக்குச் சங்கதி தெரிந்துவிட்டது. முகத்தில் ரத்தம் ஏறியது.

"அட, வாங்க வாங்க," என்றார் முதலாளி. சிரிப்பு மட்டும் முக்காலில் நின்றது. "மேடம், இவர் நம்ம பழைய ஆபரேட்டர். கை வேலையில மன்னன். வண்டி ஓட்டறதுலதான் கொஞ்சம் அவசரம்."

"உங்க காசு." ஆயிரத்து ஐந்நூறு மேஜையில் விழுந்தது.

"வாங்கின பொருளைத் திருப்பிக் குடுக்கற வழக்கம் எங்க பரம்பரையிலயே இல்லையே."

"வழக்கத்தை அப்புறம் பேசலாம். மேடம், ஒரு நிமிஷம் பாருங்க. இது சரியான எடைக்குச் செஞ்சது. நிஜ வண்டி எங்க நிக்குமோ, இதுவும் அங்க நிக்கும். அது எங்க சாயுமோ, இதுவும் அங்க சாயும்."

மேஜையில் வைத்து நான்கு கால்களையும் விரித்தார். பூமை முழுசாக நீட்டினார். கொக்கியில் குண்டை மாட்டி, முன்பக்கம் தூக்கினார். நின்றது. இரண்டு விரலால் மெல்ல, ஒரு குழந்தையின் தலையைத் திருப்புவதுபோல, பக்கவாட்டில் திருப்பினார். எதிர்ப்பக்கத்துக் கால்கள் மேஜையைவிட்டு எழும்பின. வண்டி சரிந்து, பூம் காபிக் கோப்பைக்குள் விழுந்தது.

முதலாளி கை தட்டினார். நிஜமாகவே தட்டினார்.

"பாத்தீங்களா மேடம்! பத்துப் பாளம் இருந்தும் சாயுது. அப்போ தப்பு யார் மேல? திருப்பின கை மேல. இதைத்தானய்யா எட்டு மாசமா நானும் சொல்றேன்! நீயே செஞ்சு, நீயே கொண்டுவந்து, நீயே காட்டிட்டே. திங்கட்கிழமையும் இதையே காட்டு."

ஆபரேட்டர் காபி சொட்டும் மாடலை நிமிர்த்தினார். மேலே இருந்த நான்கு பாளங்களில் ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பினார். பிசின் விட்டுப் 'டக்'கென்று வந்தது. நகத்தாலேயே கீறினார். மஞ்சள் பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளையாகச் சிராய் கிளம்பியது.

"மரம்," என்றார். "யாரய்யா செஞ்சு குடுத்தது? கதவு செய்யற ஆசாரியா?"

முதலாளி காபியைத் துடைப்பதில் திடீரென்று அக்கறை காட்டினார்.

"பொம்மைக்கு இரும்பு எதுக்கு? பாக்க அழகா இருந்தா போதாதா?"

"போதாது! அன்னிக்கும் இதேதான். பேப்பர்ல பத்து, வண்டியில ஆறு. நாலு பாளத்தை ஏத்த இன்னொரு டிரெய்லர் வேணும், டிரெய்லருக்கு வாடகை குடுக்கணும். அதை மிச்சம் பிடிச்சீங்க. வாடகை மிச்சம், முடிச்சுக்குக் கால் மிச்சமில்ல!"

"மெதுவா பேசு."

"மெதுவாத்தான் திருப்பினேன், நீங்க வேகம்னு எழுதல?"

காண்ட்ராக்டர் அம்மா மரத்துண்டை வாங்கி உள்ளங்கையில் எடை பார்த்தாள். அவள் குரலில் பரிதாபம் எதுவும் இல்லை. சரக்கைச் சோதிக்கிறவளின் குரல்.

"கிரேன்ல கம்ப்யூட்டர் இருக்குமே. பாரம் குறைஞ்சா தூக்க விடாதே?"

"எத்தனை பாளம்னு நாம அழுத்தறதைத்தான் அது நம்பும் மேடம். ஆறுன்னு போட்டேன், தூக்க விடல. இவருக்கு ஃபோன் பண்ணினேன். மீதி வந்துட்டே இருக்கு, பத்துன்னு போட்டு வேலையை ஆரம்பின்னாரு."

"பத்துன்னு அழுத்தினது யாரு?"

இதை எட்டு மாதமாக ஒருவரும் கேட்கவில்லை. மனைவி கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடக்க, முடிச்சுகூடக் கேட்கவில்லை. இத்தனை நாள் முதலாளிமேல் எரிந்த கோபத்தில் பாதி எந்த வீட்டு நெருப்பு என்பது ஆபரேட்டருக்குத் தெரியும்.

"நான்தான்," என்றார்.

"அப்படிச் சொல்லு!" என்று முதலாளி குதித்தார். "கேட்டீங்களா மேடம், அவன் வாயாலயே..."

"கேட்டேன். நாளைக்கு என் சைட்டுக்கு வர்ற வண்டிக்கு எத்தனை பாளம்?"

"பத்து. எழுதியே குடுத்திருக்கேனே."

"எங்க இருக்கு?"

"டிரெய்லர்ல ஏத்தி, தார்ப்பாய் கட்டி, எல்லாம் ரெடி. நீங்க காபி..."

"காபியிலதான் கிரேன் விழுந்துடுச்சே." அவள் இந்த முறை எழுந்தேவிட்டாள். "ஆபரேட்டர், வாங்க. எனக்குப் பாளத்துக்கும் படிக்கட்டுக்கும் வித்தியாசம் தெரியாது."

முதலாளி பின்னாலேயே ஓடி வந்தார். வழியெல்லாம் வாடகை குறைந்துகொண்டே வந்தது: பத்து சதவீதம், பதினைந்து, முற்றத்தின் நடுவில் இருபது. தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கும்போது, "முப்பதுன்னு வச்சுக்கங்க, எதுக்கு வெயில்ல கஷ்டப்படறீங்க," என்றார்.

ஆபரேட்டர் தார்ப்பாயை இழுத்துத் தள்ளினார். ஒவ்வொரு பாளத்தையும் உள்ளங்கையால் ஓங்கி அறைந்து, சத்தமாக எண்ணினார். ஏழாவதோடு இரும்பு முடிந்தது. அதற்கப்பால் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்திருந்தவை பழைய டயர்கள்.

அவள் நோட்டில் எழுதினாள். தேதி போட்டாள், நேரம் போட்டாள், கையெழுத்துப் போட்டாள்.

"திங்கட்கிழமை விசாரணைக்கு வருவீங்களா மேடம்?"

"வேலையை விட்டுட்டு நான் எங்க வர்றது? வேற கிரேன் தேடணும். இந்தத் தாளைக் கிழிச்சுத் தரேன். ஆனா நீங்க அழுத்தினதையும் இதுலயே எழுதுங்க. அதை விட்டுட்டா இதுவும் முக்கால்தான்."

ஆபரேட்டர் மாடலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, டிரெய்லர் விளிம்பில் தாளை வைத்தார். பின்னால் முதலாளி இன்னும் சதவீதம் சொல்லிக்கொண்டிருந்தார். தாள் கிழிகிற அளவுக்குப் பேனாவை அழுத்தி, அவள் எழுதியதற்குக் கீழே எழுதினார்.

இன்று: பேப்பரில் பத்து, டிரெய்லரில் ஏழு. குறைவு மூன்று.

அன்று: கம்ப்யூட்டரில் பத்து, வண்டியில் ஆறு. குறைவு நான்கு. சொன்னது முதலாளி. அழுத்தியது நான்.

முடிச்சின் கால்: இருந்தது இரண்டு, இருப்பது ஒன்று. பாக்கி ஒன்று.