பன்னிரண்டு ஆண்டுகள் மண்ணைத் தொடாதவர்

மலைமேல் இருந்த அந்த மடத்தில் மூன்று பிக்குகள்தான் மிஞ்சியிருந்தார்கள். நோயில் கிடந்த பெரிய பிக்கு, ஒருகாலத்தில் தபாலாபீசில் வேலை பார்த்த கண்ணாடிக்காரர், துறவுக்கு முன் கிணறு வெட்டிப் பிழைத்தவர். கடைசி ஆளை மற்ற இருவரும் 'ஊற்று' என்று கேலியாகக் கூப்பிடுவார்கள்.

மூன்றாண்டாக மழை பொய்த்துவிட்டது. பாறை இடுக்கில் கசிந்த சுனை நாளுக்கு ஒரு குவளையாகச் சுருங்கி, ஒரு காலையில் அதுவும் நின்றது. அடிவாரத்து ஊரே காலியான பிறகும் வீட்டை விட்டுப் போக மனமில்லாத தையற்காரி மட்டும் தினமும் தண்ணீர் சுமந்து வந்தாள். அன்று அவள் கொண்டுவந்த கேனில் கால்வாசிகூட இல்லை.

"எங்க கிணத்துலயும் சேறுதான் சாமி. இதுதான் கடைசி."

பெரிய பிக்குவுக்குக் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வேறு. நாக்கு வறண்டு பேச்சு குழறியது. தூக்கிக்கொண்டு இறங்கினால் பாதி வழிகூடத் தாங்கமாட்டார். கண்ணாடிக்காரர் உதவி தேடி நகரத்துக்கு நடந்தார். போய்வர நான்கு நாளாகும்.

ஊற்றுக்கு இடம் தெரியும். மடத்துக்குப் பின்னால், எல்லா மரமும் கருகியிருக்க ஒன்று மட்டும் பச்சையாக நின்ற சரிவு. ஆனால் மண்ணுக்குள்ளும் உயிர்கள் இருக்கின்றன, பிக்கு தோண்டவும் கூடாது, தோண்டச் சொல்லவும் கூடாது என்பது விதி. பன்னிரண்டு ஆண்டாக அவர் ஒரு செடியைக்கூடப் பிடுங்கியதில்லை.

"அந்தச் சரிவுல தண்ணி இருக்கும்னு தோணுது" என்று மட்டும் தையற்காரியிடம் சொன்னார்.

அவள் புரிந்துகொண்டு கடப்பாரையை எடுத்துவந்தாள். ஊசி பிடித்த கை. மதியத்துக்குள் உள்ளங்கை கிழிந்தும் முழங்கால் ஆழம்தான் ஆகியிருந்தது. முள்மேல் நிற்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தவர் விடுவிடுவென்று உள்ளே போய்ப் பெரிய பிக்குவின் பாயருகே மண்டியிட்டார்.

"பந்தே, நான் துறவை விட்டுடறேன். நீங்கதான் சாட்சி."

பெரிய பிக்கு அவர் கையைப் பற்றினார். பிடியில் பலமில்லை. "எனக்காகப் பண்ணாத. நான் போற கட்டை."

"உங்களுக்காக மட்டும் இல்ல. ஒரு பொம்பளை கையில ரத்தம் வழியத் தோண்டறா, நான் வேடிக்கை பாத்துட்டு நிக்கறேன். என்னால முடியல."

பெரிய பிக்கு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அது சம்மதமா கோபமா என்று ஊற்றுக்குத் தெரியவில்லை. காவித் துவராடையை மடித்து அவர் காலடியில் வைத்துவிட்டு, தையற்காரி கொடுத்த, செத்துப்போன அவள் கணவனின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு குழியில் இறங்கினார்.

அவர் வெட்ட, அவள் வாளியில் மண்ணை இழுத்துக் கொட்டினாள். மூன்றாம் நாள், இரண்டாள் ஆழத்தில், கடப்பாரை எதிலோ மெத்தென்று இறங்கியது. ஈரம் தேடிப் புதைந்து உறங்கிய தவளை. கிணறு வெட்டிய காலமாக இருந்தால், தவளை கிடைத்தது, தண்ணீர் பக்கத்தில்தான் என்று கூவியிருப்பார். இப்போது அதைக் கையில் ஏந்தியபடி உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

"என்னாச்சு? மேல ஏதாச்சும் விழுந்துடுச்சா?"

"தவளை. ரெண்டா வெட்டிட்டேன்."

மேலே கயிறு உரசும் சத்தம் கேட்டது. "அப்புறமா அழலாம் சாமி. வாளி இறக்கறேன்."

"என்னைச் சாமின்னு கூப்பிடாத."

"சரிண்ணே. வாளியைப் பிடிங்க."

பொழுது சாயும்போது காலடியில் சேறு குளிர்ந்தது. ஒரு குவளை சேர ஒரு மணி நேரம் பிடித்தது. துணியில் வடிகட்டினார். துணியில் நெளிந்த புழுக்களைப் பழக்கத்தில் மறுபடி ஈரமண்ணிலேயே விட்டார். ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோய்ப் பெரிய பிக்குவின் வாயில் ஊற்றினார். தொண்டை வாங்கவில்லை. தண்ணீர் கன்னத்தில் வழிந்து பாயை நனைத்தது. விடிவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது.

மறுநாள் கண்ணாடிக்காரர் இரண்டு ஆட்களோடும் ஒரு தூக்குக் கட்டிலோடும் வந்து சேர்ந்தார். தகனம் முடிந்ததும், மடித்து வைத்திருந்த ஆடையை எடுத்து நீட்டினார்.

"திரும்ப சேந்துக்கலாம். விதியே இடம் கொடுக்குது."

"இப்ப வேண்டாம்" என்றார் ஊற்று. "ஓரம் சரியுது. கல்லு வச்சுக் கட்டலன்னா நாலு நாள்ல தூந்துடும். இந்தம்மா எதைக் குடிக்கும்?"

மறுபடி குழியில் இறங்கினார். ஒவ்வொரு முறையும் விரல்களால் சேற்றைத் துழாவி, ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகே கடப்பாரையைப் போட்டார். வேலை ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது. மேலே தையற்காரி கயிற்றைப் பிடித்தபடி, அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.