முட்டியில் ஒரு நீல டேப்

மூட்டு வலிக்குப் பிசியோதெரபிஸ்ட் பெண் ஒட்டிவிட்ட நீல டேப் நாலே நாளில் உரிந்துவந்தது. "டேப் ஒட்ட எனக்கா சொல்லித் தரணும்?" என்று மனைவியின் காலைப் பிடித்தார், ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். தொழில் செருக்கு யாரை விட்டது! வாங்கி வைத்திருந்த நீல டேப் சுருளை எடுத்து, வயரில் சுற்றுவதுபோல் சுற்றுக்குமேல் சுற்றாக இறுக்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பாதம் மரத்துப்போனது.

"இது காலுங்க, கரண்டுக் கம்பி இல்ல! சுத்தக் கூடாது, ஒட்டணும்னு அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சே!"

முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார். அவள் காலை மடக்கச் சொல்லி, முட்டியின் இருபுறமும் புது டேப்பை லேசாக இழுத்து, நுனிகளை இழுக்காமல் ஒட்டினார். முடித்ததும் பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தார்: "சுவிட்சப் போடு!"

அவள் சிரித்துவிட்டாள். கல்யாணமான புதிதில் இந்த வீட்டுக்கு அவரேதான் வயரிங் செய்தார். ஏணி உச்சியிலிருந்து இப்படித்தான் கத்துவார். கால் தரையில் பாவாமல் அறைக்கு அறை ஓடி அவள்தான் சுவிட்சைப் போடுவாள்.

மெல்ல எழுந்தாள். சுவர்வரை நடந்துபோய்ப் போட்டாள்.

"வலிக்குதா?"

"வலி முழுசாப் போகல. ஆனா லைட்டு எரியுது."