விட்டுக்கொடுத்த தண்ணீர்

ஆனி முடியப் போகிறது, குற்றாலத்தில் இன்னும் சாரல் இல்லை. சனங்கள் காய்ந்த பாறை முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்தில் எங்கள் ஊர் வடகரையில் குளம் பாதிகூட இல்லை.

வருடா வருடம் வெக்கை கூடுகிறது, மழை ஏமாற்றுகிறது. நம்மால் ஆனதைச் செய்வோம் என்று இந்த முறை நான் நெல்லை விட்டுவிட்டு உளுந்து போட்டேன். அதற்கு ஒரு தடவை தண்ணீர் பாய்ச்சினால் போதும். என் வயலுக்கு முறை வைத்துத் திறக்கும் மற்ற தண்ணீர் குளத்திலேயே கிடக்கட்டும், ஊர்க்கிணறாவது ஊறும் என்று மடை திறப்பவரிடம் சொல்லிவிட்டேன்.

என் முறை நாளில் குளத்துப் பக்கம் போனால், மடை திறந்து கிடக்கிறது. தண்ணீர் என் கொழுந்தன் மாரிராஜின் நெல் வயலுக்குப் பாய்கிறது. அவன் மடைப் பக்கமே நிற்கிறான்.

"ஏ மாரிராஜ், இது என் முறைல்லா?"

"நீங்கதான் வேண்டாம்னுட்டியள, மைனி. சும்மா கெடக்குத தண்ணிதான?"

"குளம் வத்திட்டா என்ன செய்வ?"

"நான் ஒருத்தன் பாய்ச்சாம இருந்தா மழை பெஞ்சிருமாக்கும்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு கையிலிருந்த மண்வெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தேன்.

ஆடியில் குளம் வற்றியது. அவன் நெல் கதிர் வாங்கும் முன்பே கருகியது. ஊர்க்கிணறும் வறண்டது. தண்ணீர் லாரி வரிசையில் எனக்கு முன்னால் மாரிராஜ் நின்றான். அவன் குடம் நிறைந்ததும் லாரிக் குழாய் சொட்டி நின்றது.

அவனால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அடுத்த தடவ நானும் உளுந்துதான் போடுதேன், மைனி."

"ஏலே, எந்தத் தண்ணில போடுவ?" என்றேன், வெறுங்குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு.