இல்லாத மாடுகள்

"அப்பா, நம்ம பண்ணையில எத்தனை மாடு இருக்கு?"

நுன்சியா ஏழு வயதில் கேட்ட கேள்வி அது. ஒரு கல்யாண விருந்தில் வீத்தோ சித்தப்பா தன் பண்ணைக் கதையைச் சொல்லி மேசை முழுவதையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவள் அப்பாவின் மடியில் ஏறி, அவர் காதோடு கேட்டாள். அப்பா சவேரியோ ஒயின் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கணக்குப் போடுகிறவர் போலக் கண்ணை மூடித் திறந்தார்.

"முந்நூறு. எல்லாம் கறுப்பு. ஒண்ணுகூடப் பால் குடுக்காது. உருட்டிவிட்டா ஓடும், அவ்வளவுதான்."

அவர் டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதில் விளங்க அவளுக்கு இன்னும் சில வருடங்கள் ஆயின.

இப்போது அப்பாவின் அதே முகத்தில் வீத்தோ சித்தப்பா சோப்பு நுரையைத் தடவிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலை எட்டரை மணி. விடிகிற நேரத்தில் மூச்சு நின்றிருந்தது. நர்ஸ் வந்து பார்த்து, வலி மருந்துக் குழாயைக் கழற்றி, அவர் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டுப் போனாள். உடலை எடுத்துப்போகப் பதினோரு மணிக்கு வண்டி வரும். அண்ணனுக்கு நான்தான் சவரம் செய்வேன், கூலிக்கு வருகிறவன் செய்யக்கூடாது என்று சித்தப்பா வீட்டிலிருந்தே கத்தியும் கிண்ணமும் கொண்டு வந்திருந்தார். நுன்சியா வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா அஸுந்தா ஜன்னலை முழுக்கத் திறந்து, திரையையும் ஒதுக்கிவிட்டாள்.

"குளிருது அண்ணி," என்றார் சித்தப்பா.

"உனக்கென்ன, கோட்டு போட்டிருக்க. அவரு வெளிய போக வழி வேணாமா?" அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "நீ எத்தனை மணிக்குக் கெளம்பணும்?"

"எங்கேம்மா?"

"நாடகத்துக்குத்தான்."

"அம்மா, அப்பா போயி மூணு மணிநேரம்கூட ஆகல."

"தெரியும்டி. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன்." அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, போர்வையில் இல்லாத சுருக்கத்தை நீவினாள். "மூணு நாளைக்கு அடுப்பு மூட்டக்கூடாதுன்னு வழக்கம் இருக்கு. நாடகம் நடத்தக்கூடாதுன்னு எந்தச் சாமியாரும் எங்கிட்ட சொன்னதில்ல. நம்ம ஊர்க்காரங்க கிளப்பு பஸ்ஸுல நாப்பது பேரு வர்றாங்க. எல்லாருக்கும் இவருதான் டிக்கெட் வித்தாரு. இவரு பேச்ச நம்பி வாங்கினவங்கள வாசல்ல நிக்க வைக்கவா?"

நுன்சியா இருபது வருடங்களுக்கு முன் ஒரு புத்தகம் எழுதினாள். இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்தில், மெல்போர்னின் வடக்கே ஒரு தெருவில், ஒரு பெண் வளர்ந்து ஆளாகிற கதை. அதை அவளே நாடகமாக்கியிருந்தாள்; ஒரு வாரமாக அது ஊராட்சி மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தது. இன்று இரண்டு மணிக்கு ஓய்வூதியக்காரர்களுக்கான காட்சி. சவேரியோ ஆறாவது வரிசையில் இடம் வாங்கியிருந்தார். முன் வரிசையில் எச்சில் தெறிக்கும் என்பது அவர் கருத்து.

வாசல் மணி அடித்தது. அம்மா எழுந்து போனாள்.

சித்தப்பா கத்தியை நீட்டிக் கன்னத்தில் முதல் கோட்டை இழுத்தார். நிதானமான கை. எழுபத்தாறு வயதிலும் நடுங்கவில்லை.

"நுன்சியா, அந்தத் துறைமுகக் காட்சி இன்னிக்கும் உண்டா?"

"உண்டு சித்தப்பா. அதுக்குத்தான் எல்லாரும் அதிகமா சிரிக்கிறாங்க."

"ம்."

அந்தக் காட்சி வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். ஊர்ப் பேச்சில் ஃபத்தோரியா என்றால் பண்ணை. மெல்போர்னுக்கு வந்தவர்களோ, 'ஃபாக்டரி' என்ற ஆங்கிலச் சொல்லின் ஓசையைப் பிடித்துக்கொண்டு தொழிற்சாலையை ஃபத்தோரியா என்றார்கள். வந்த புதிதில் சவேரியோ ஊருக்கு எழுதினார்: 'எனக்கு ஃபத்தோரியாவில் வேலை. முந்நூறு பேர் இருக்கிறோம்.' முந்நூறு பேர் உழுகிற பண்ணையா என்று ஊரே வாய் பிளந்தது. ஐந்து வருடம் கழித்துத் தம்பி வந்து இறங்கினான். சட்டைப்பையில் கிளை வெட்டும் கத்தி, ஈரச் சாக்கில் சுற்றிய திராட்சைக் கொடி. கொடியைச் சுங்கக்காரர்கள் வாங்கித் தீயில் போட்டார்கள். பண்ணை எங்கே என்று தம்பி கேட்க, அண்ணன் புகைபோக்கியைக் காட்டினார். புத்தகத்தில் நுன்சியா அதை ஒரு பெருமையடிப்பாக எழுதியிருந்தாள். மேடையில் தகப்பன் தலையைச் சொறிந்துகொண்டு, "பண்ணைன்னு எழுதினா கொஞ்சம் கௌரவமா இருக்கும்னு..." என்று இழுப்பான். தம்பி "பொய்யன்!" என்று கத்துவான். மண்டபம் அதிரும்.

புத்தக வெளியீட்டன்று அந்தப் பகுதியைத்தான் வாசித்தார்கள். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத அப்பாவுக்கு யாரோ பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவரும் சிரித்தார். "நல்லா எழுதியிருக்க. என்னைக் கொஞ்சம் ஒசரமாவும் காட்டியிருக்க," என்றார்.

"ரெண்டாவது ஒரு கடிதம் வந்துச்சு," என்றார் சித்தப்பா. அவர் கத்தியைத் தண்ணீரில் அலசினார், அவளைப் பார்க்கவில்லை. "நான் கப்பலேறுறதுக்கு நாலு மாசம் முன்னால. 'தம்பி, இங்க ஃபத்தோரியான்னா புகைபோக்கி வச்ச எடம். மண்ணு இல்ல, மாடு இல்ல. நம்ம ஆளு ஒருத்தன் இப்பத்தான் சொன்னான், ஊர்ல தப்பா நெனச்சிருக்கீங்கன்னு. அப்பாகிட்ட வெவரமா சொல்லு. அப்புறமும் வரணும்னா வா.' அப்படி எழுதியிருந்தாரு."

நுன்சியா பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள்.

"வீட்ல படிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். உங்க தாத்தா என்ன சொல்லியிருந்தாரு தெரியுமா? 'மண்ணுக்குப் போறான்னா கோவேறு கழுதைய வித்து அனுப்புறேன். புகைக்குப் போறான்னா கெடக்கட்டும் இங்கேயே.' எனக்கு இருபத்திரண்டு வயசு. அந்த மலையில கல்லு பொறுக்கியே செத்துடுவேன்னு பயம். எல்லாரும் சுத்தி உக்காந்திருக்காங்க, நான் சத்தமா வாசிக்கிறேன். மாடு நல்லா இருக்குதாம், போன மாசம் கன்னு போட்டுச்சாம்..." சித்தப்பா மூக்கை உறிஞ்சினார். "காகிதத்துல இல்லாத மாட்ட நான்தான் வாசிச்சேன். அன்னிக்கு ராத்திரியே கடிதத்த அடுப்புல போட்டுட்டேன்."

"அப்ப அந்தத் திராட்சைக் கொடி?"

"தாத்தா அவரு கையால வெட்டிக் கட்டிக் குடுத்தாரு. வேணாம்னு எந்த வாயால சொல்லுவேன்?"

அவர் அண்ணனின் முகவாயை இரண்டு விரலால் மெல்லத் தூக்கினார். கழுத்தின் கீழே கத்தி நகர்ந்தது.

"துறையில ஊர்க்காரங்க பத்துப் பேரு நின்னாங்க. அவங்க முன்னாலதான் கேட்டேன், பண்ணை எங்கேன்னு. வேற என்ன கேப்பேன்? உங்கப்பா என்னைப் பார்த்தாரு. கடிதம் கெடைச்சுதுன்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு. ஒரு நிமிஷம்தான். அப்புறம் சிரிச்சுக்கிட்டே, 'நான்தான் கொஞ்சம் பெருசா எழுதிட்டேன்'னாரு. அந்தப் பேச்சு ஊருக்குப் போயிடுச்சு. தாத்தா ரெண்டு வருஷம் அவருக்குக் கடிதமே போடல. ஒரு வார்த்தை சொல்லிக் காமிச்சதில்ல நுன்சியா. அம்பத்துமூணு வருஷம். நான் கல்யாணத்துக்குக் கல்யாணம் அந்தக் கதையச் சொல்லுவேன், அவரு என் கோப்பைய நெரப்புவாரு."

"ஏன் சொன்னீங்க சித்தப்பா, வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே?"

"எவனாவது வேற மாதிரி சொல்லிடுவானோன்னு பயந்து நானே முந்திக்கிட்டேன். அப்புறம் பழகிடுச்சு." அவர் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தார். "இன்னிக்கு மாத்திடு. என் பேரச் சொல்லியே மாத்து. பொய்யன் நான்தான்னு அந்த நாப்பது பேரும் கேக்கட்டும். எனக்கும் இனிமே நாள் இல்ல."

சித்தப்பா துண்டால் அப்பாவின் முகத்தை ஒற்றினார். காதுக்குப் பின்னால் தங்கியிருந்த நுரையையும் மறக்காமல் துடைத்தார்.

அம்மா இரு கைகளிலும் ஒரு பெரிய பாத்திரத்தைப் பிடித்தபடி கதவருகே வந்து நின்றாள். "பக்கத்து வீட்டு லியென். சூப்பு கொண்டு வந்திருக்கா. துக்க வீட்ல அடுப்பு எரியக்கூடாது, அக்கம்பக்கம்தான் சாப்பாடு தரணும்னு அந்த வியட்நாம்காரிக்கு யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா."

"அதான் பாரேன்." அம்மாவுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. பாத்திரம் கையில் இருந்ததால் துடைக்க முடியவில்லை. சித்தப்பா எழுந்து அதை வாங்கிக்கொண்டார்.

சமையலறை மேசையில் நுன்சியா ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேனா தானாக ஓடத் தொடங்கியது. மலை வீடு, சுற்றி உட்கார்ந்த பெரியவர்கள், வாசிக்கத் தெரிந்த ஒரே பையன், அவன் வாயிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வரும் மாடுகள். இருபது வருடமாக எழுதியதில் இதற்கு இணையாக ஒன்றுமில்லை. இதுதான் உண்மையும்கூட. சித்தப்பாவே சொல்லிவிட்டார், எழுது என்று.

அறைக்குள்ளிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது. அம்மாவிடம் எந்த டை கட்டுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார். "நீலம் வேணாம் அண்ணி, அதுல அவரு பேங்க் மேனேஜர் மாதிரி இருப்பாரு." அம்மா சிரித்தாள். துக்க வீட்டில் அவள் சிரித்தது சித்தப்பாவுக்காகத்தான்.

நுன்சியா எழுதியதைப் படித்துப் பார்த்தாள். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டது, துறைமுகத்தில் அப்பா அந்த ஒரு நிமிடத்தில் யோசித்து எடுத்த முடிவு. அதைத் திருத்த இவள் யார்? அவள் காகிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். ஆனால் பொய்யன் என்ற சொல் அவள் எழுதியது. யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை. அதைச் சுமந்துகொண்டுதான் அப்பா வெளியீட்டு விழாவில் தட்டும் கையுமாக நின்று சிரித்தார்.

அவள் இன்னொரு காகிதம் எடுத்தாள். இந்த முறை நான்கே வரிகள்.

பதினோரு மணிக்கு வண்டி வந்தது. சித்தப்பா அண்ணனோடு ஏறிக்கொண்டார். ஏறும்போது அவளைக் கேள்வியோடு பார்த்தார். "அப்பாகூட இருங்க சித்தப்பா. தனியா அனுப்ப வேணாம்," என்றாள்.

ஒன்றேகால் மணிக்கு மண்டபத்தின் ஒப்பனை அறையில் இயக்குநர் ஜூடித் அவளைக் கட்டிக்கொண்டாள். காகிதத்தைப் படித்ததும் முகம் மாறியது.

"நுன்சியா, நீ இன்னிக்கு எது கேட்டாலும் செய்வேன். ஆனா இதுல அந்தச் சிரிப்பு போயிடும். முதல் பாதியே அந்தச் சிரிப்புலதான் நிக்குது."

"போகட்டும்."

"இன்னிக்கு மட்டுமா?"

"இனிமே எப்பவும்."

தகப்பனாக நடிக்கும் ஸ்டாவ்ரோஸ் கிரேக்கக் குடும்பத்துப் பையன். மீசையை ஒட்டிக்கொண்டே வரிகளை முணுமுணுத்துப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு அக்கா. இத எப்படிச் சொல்லணும்?"

"தம்பிக்குப் பசிக்குமேன்னு நெனச்சுக்கிட்டே சொல்லு. அது போதும்."

துறைமுகக் காட்சி வரும் நேரம் பார்த்து அவள் பின் கதவு வழியாக நுழைந்து, சுவரோரம் இருட்டில் நின்றாள். ஆறாவது வரிசையில் கிளப்புக்காரர்களின் நரைத்த தலைகள். நடுவில் ஒரு இருக்கை காலி.

மேடையில் கப்பல் சங்கு ஒலித்தது. கொடியைப் பிடுங்கிக்கொண்டார்கள். தம்பி வெறுங்கையோடு வந்து நின்றான்.

"பண்ணை எங்கண்ணே?"

"அதோ, புகை வருதே, அதான். இங்க எல்லாரும் அத ஃபத்தோரியான்னுதான் சொல்றோம்."

"ஊர்ல அதுக்கு அர்த்தம் வேறண்ணே."

ஸ்டாவ்ரோஸ் ஒரு கணம் தம்பியைப் பார்த்தான். "ஒரு வார்த்தை நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திடுச்சு. விடு. வா, பசியோட இருப்ப."

மண்டபத்தில் சிரிப்பே எழவில்லை. ஜூடித் சொன்னது சரிதான். நுன்சியா சுவரில் சாய்ந்தாள்.

அப்போது ஆறாவது வரிசையில் ஒரு கிழவியின் குரல், காது மந்தமானவர்கள் பேசும் உரத்த குரல், ஊர்ப் பேச்சில் எழுந்தது. "அட, நாங்களும் அப்படித்தானே சொன்னோம்!"

"மெதுவாடி," என்றது பக்கத்துக் குரல்.

"என்ன மெதுவா? எங்க மாமியாரு சாகுறவரைக்கும் நான் பிஸ்கட் பண்ணையில வேலை செய்யுறேன்னுதான் நெனச்சா!"

"எங்கப்பா, கோழி எத்தனைன்னு கேட்டு எழுதினாரு," என்றார் இன்னொருவர்.

அந்த வரிசை சிரித்தது. பின் வரிசைக்கு ஒருவர் திரும்பி விளக்கினார், அதுவும் சிரித்தது. யாரையும் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பாக அது இல்லை. மேடையில் ஸ்டாவ்ரோஸ் தம்பியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அவர்கள் அடங்கும்வரை பொறுமையாக நின்றான்.

நுன்சியா கறுப்புக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். இன்று மட்டும் உதவிக்கு வந்திருந்த ஒரு பெரியவர் அங்கே டார்ச் விளக்கோடு நின்றிருந்தார். அவருக்கு அவளைத் தெரியாது.

"பாதியிலேயே போறீங்களேம்மா," என்றார் தணிந்த குரலில். "பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. வீட்ல அம்மா தனியா இருக்காங்க."

அவர் தலையசைத்து, சத்தம் வராதபடி கதவைப் பிடித்துக்கொண்டார். வெளியே நல்ல வெயில். மண்டபத்து வாசலில் கிளப்பு பஸ் நின்றது. அதன் டிரைவர் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு ஆரஞ்சை ஒரே சுருளாக உரித்துக்கொண்டிருந்தார்.