அப்பா இறுக்கிய நட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை இலக்கிய தாகத்தில் பிறந்ததல்ல. நேரில் சொல்லத் தைரியமில்லாத ஒரே ஒரு வாக்கியத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டியிருக்கிறது, அதற்காக எழுதுகிறேன். அதுவும் ராகு காலத்தில். வியாழக்கிழமை ஒன்றரை மணிக்குப் புத்தியுள்ள யாராவது கதை ஆரம்பிப்பார்களா? நான் ஆரம்பித்திருக்கிறேன். மூன்று மணிக்குள் முடித்தாக வேண்டும். மூன்றுக்கு ராகு காலம் முடியும், வண்டி ஏலகிரிக்குக் கிளம்பும்.

வண்டி என்றால், காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப்போகிற டிரெய்லர். உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு மடக்கு மேசை. வானகரத்தில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நிற்கிறது. இதை வாங்கிய அன்று என் கணவன் டில்லிபாபு தெரு முழுக்க "சின்ன ஊடு ஒண்ணு வாங்கிகீறேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். இரண்டு நாள் அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். (இந்த 'அவன்' சீக்கிரம் 'அவர்' ஆகிவிடுவார். காரணம் உண்டு.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "பொன்னிற வெயில் வானகரத்தின் மீது மெல்ல..."

வேண்டாம். வெயில் பொன்னிறமாக இல்லை, மண்டையைப் பிளக்கிறது. பைபாஸ் லாரிப் புழுதி வேறு.

இரண்டாவது முயற்சி: "சுதா என்றொரு பெண் இருந்தாள். அவளுக்குக் கிரீஸ் வாடை என்றாலே குமட்டும். அவளுடைய தகப்பனார்..."

இதுவும் தேறாது. எனக்குக் கிரீஸ் வாடை பிடிக்கும். சுதா யாரோ, நான் விஜி. நேரமில்லாத நேரத்தில் எனக்கெதற்கு இன்னொரு பெயர்?

3

சரி, நடந்ததை நடந்தபடி.

நான் டில்லியைக் கட்டிக்கொண்டபோது என் அப்பா வேலுசாமி என்னோடு பேசுவதை நிறுத்தினார். சாதி வேறு. ஆறு வருடம். ஆவடியில் டிஃபென்ஸ் குவார்ட்டர்ஸ், வானகரத்தில் நாங்கள். நடுவே அரை மணி நேரத் தூரம், ஒரு வார்த்தை கிடையாது. அம்மா சுசீலாதான் திருட்டுத்தனமாகப் போன் போடுவாள். போன மாதம் அவள் போனைப் பிடுங்கி அப்பா கேட்டாராம்... 'கேட்டாராம்' என்ன, என் காதாலேயே கேட்டேன்:

"அந்த வண்டியில எங்க ரெண்டு பேருக்கும் எடம் இருக்குமா?"

அதோடு போனை வைத்துவிட்டார். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். டில்லி பயந்துபோய், யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

இன்று காலை வந்தார்கள். நானும் டில்லியும் டிரெய்லரை ஜாக்கியில் தூக்கிவைத்து, பேரிங்குகளைக் கழற்றி டீசலில் கழுவிக் காயவைத்திருந்தோம். எட்டு மாதம் சும்மா நின்ற வண்டி. கிரீஸ் மாற்றாமல் மலை ஏறக்கூடாது. உள்ளங்கையில் ஓர் உருண்டைக் கிரீஸை வைத்து, பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தித் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முறுக்கு அச்சில் மாவு வருகிற மாதிரி அந்தப் பக்கம் கிரீஸ் பிதுங்கினால்தான் உருளைகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். இது என் வேலை. டில்லி அச்சின் முனையில் நட்டு மாட்டுவான்.*

(* நட்டை முதலில் இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறுபடி தளர்த்தி, கடைசியில் விரலால் மட்டும் முடுக்க வேண்டும். மயிரிழை ஆட்டம் இருக்கணும். ஓட ஓட இரும்பு சூடாகி விரியும். விரிய இடம் வேண்டாமா? இதிலிருந்து குடும்ப வாழ்க்கைக்கு ஒரு தத்துவம் பிழியலாம். பிழிய மாட்டேன்.)

அப்பா ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் குனிந்து சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார்.

"ஏன் மாப்ள, லேசா ஆடுதே?"

மாப்ள.

டில்லியின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. "அது... அப்டித்தான் மாமா இருக்கணும்" என்று ஏதோ முனகிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்ளக் குளிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார். (ஆகிவிட்டார், பார்த்தீர்களா?)

4

என் அப்பா முப்பத்தோரு வருடம் ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஆனால் பேரிங் பக்கம் போனதில்லை. கனமான இரும்புத் தகடுகளைப் போல்ட் போட்டு முடுக்குகிற பிரிவு. அங்கே ஆட்டம் என்றாலே குற்றம். கை அப்படியே பழகிவிட்டது. வீட்டில் தண்ணீர்க் குழாயைக்கூட அவர் மூடினால் அம்மாவால் திறக்க முடியாது.

டில்லி குளித்துவிட்டு வருவதற்குள், அப்பா ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி, முழு பலத்தோடு இரண்டு நட்டையும் முடுக்கி, நட்டு கழலாமலிருக்கப் பின்னையும் போட்டு, மூடியையும் தட்டி மாட்டிவிட்டார். நான் அம்மாவோடு சமையலில் இருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகுதான் டில்லி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னா விஜி, மாமா நட்டை மொத்தமா முறுக்கி வெச்சிகீறாரு. சக்கரம் அரை சுத்துகூட வரல."

"அப்படியே போனா?"

"ஸ்ரீபெரும்புதூர் தாண்டறதுக்குள்ள ஹப்பு நெருப்பா காஞ்சிடும். அப்பால பேரிங்கு பொடிதான். சக்கரமே கயண்டுக்கும்."

5

ஆக, முடிவுகள்.

முடிவு அ: யாரும் எதுவும் சொல்லவில்லை. கிளம்பினோம். நெடுஞ்சாலையில் சக்கரம் கழன்று உருண்டது, பின்னால் பைக்கில் வந்த...

எழுத முடியாது. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: டில்லி நைசாகத் தளர்த்திவிடுகிறார். நல்ல முடிவுதான். ஆனால் அப்பா இப்போது எங்கே தூங்குகிறார் என்று நினைக்கிறீர்கள்? டிரெய்லருக்குள்ளேதான். "படுத்துப் பழகிக்கிறேன்" என்று ஏறிப் படுத்தவர். ஜாக்கி போட்டால் கட்டிலோடு சாய்வார். அப்படியே தளர்த்தினாலும், வழியில் ஒவ்வொரு டீக்கடையிலும் இறங்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் மறுபடி இறுக்குவார். என் அப்பாவை எனக்குத் தெரியாதா?

முடிவு இ: இதை டில்லியே சொன்னார். "நாந்தான் தப்பா முறுக்கிட்டேன்னு சொல்லிட்றேன். இன்னா இப்போ? திட்டுனா திட்டட்டும்."

ஆறு வருடமாக அந்த வீட்டில் எல்லாக் குற்றத்துக்கும் இவர் பெயர்தான். செய்யாத இந்தத் தப்புக்கும் இவர் பெயரா? மாட்டேன்.

முடிவு ஈ: நான் நேரில் சொல்வது. சொல்லிப் பார்த்தேன். அவர் டிரெய்லரில் படுக்க ஏறும்போது, "அப்பா, அந்த நட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"இனிமே ஆடாதும்மா" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "மாப்ள கை கொஞ்சம் மெத்து. நான் சரி பண்ணிட்டேன்."

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, தலையணை வேண்டுமா என்று கேட்டேன். வேறென்ன கேட்பது? இத்தனை வருடத்தில் அவர் எங்களுக்கென்று செய்த முதல் காரியம் அது.

6

இதற்குப் பிறகுதான் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தேன். ஏன் கதை என்று கேட்டால், அம்மா சொன்ன ஒரு விஷயம். என்னோடு பேசாமல் இருந்த காலத்திலும், என் கதை வந்த பத்திரிகையை அப்பா ஒன்றுவிடாமல் வாங்கினாராம். படித்துவிட்டு எதுவும் சொல்ல மாட்டாராம். மெத்தைக்கு அடியில் அடுக்கிவைத்திருக்கிறாராம். எங்களுக்குள் அறுந்துபோகாத வழி இது ஒன்றுதான். அப்பா படிப்பார் என்பதால்தான், அவரே 'மாப்ள' என்று கூப்பிட்ட இடத்திலிருந்து டில்லி 'அவர்' ஆனார். வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் மன்னிக்கவும், இது ஒரே ஒரு வாசகருக்கான கதை.

மணி இரண்டு ஐம்பத்தெட்டு. உள்ளே கட்டில் முனகுகிறது. செருப்பைத் தேடுகிறார்.

அப்பா, நோட்டை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் டீ போடப் போகிறேன். நட்டு அளவுக்கு மேல் இறுகிவிட்டது. இதுதான் அந்த வாக்கியம். டில்லி ஜாக்கியோடு வெளியே நிற்கிறார். கேட்டால் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வார், நம்பாதீர்கள். கதைக்கு முடிவு எழுதவில்லை. பக்கத்தின் கீழ்ப்பாதி காலியாக இருக்கிறது, நீங்களே எழுதுங்கள். எந்த வரி பிடிக்கவில்லையோ அடியுங்கள். என்னைத் திட்டி முடித்தாலும் சரி, ஏலகிரியே வேண்டாம், ஆவடிக்குத் திரும்புகிறோம் என்று முடித்தாலும் சரி. காலையில் அவரை ஒரு தடவை கூப்பிட்டீர்களே, அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடாதீர்கள்.