பத்து முறை கலக்கிய பிறகு

எங்கள் தொழிற்சாலையில் பற்பசையின் தலையெழுத்தை எழுதுபவன் நான்தான். இதை நானே சொல்லிக்கொள்வது அழகல்ல என்று தெரியும். ஆனால் வேறு யாரும் சொல்வதாகக் காணோம். கலவைக் கூடத்திலிருந்து ஒரு கிண்ணம் பசை என் சோதனை அறைக்கு வரும். அதை மீட்டரில் வைத்து, அதற்குள் ஒரு கம்பியைச் சுழலவிடுவேன். சுழலும் கம்பியோடு பசை எவ்வளவு மல்லுக்கட்டுகிறது என்பதை மீட்டர் ஓர் எண்ணாகக் காட்டும். நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் இருந்தால் பசை டியூபுக்குள் போகலாம். குறைந்தால் அது தண்ணீர், பிரஷ்ஷின் மேல் நிற்காமல் வழிந்துவிடும். கூடினால் அது சிமென்ட்.

மீட்டரில் வைப்பதற்கு முன்னால் பசையைக் கரண்டியால் பத்து முறை கலக்குவேன். ஒன்பது கிடையாது, பதினொன்று கிடையாது. வலப்பக்கமாக, ஒரே வேகத்தில். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் கலக்காமல் அளந்தார். ஒரே கிண்ணத்தை மூன்று தரம் அளந்தால் மூன்று எண் வரும். நான் வந்த பிறகு மூன்று தரமும் ஒரே எண்தான். தவறிய அளவுகளை எழுதி நோட்டை அசிங்கப்படுத்தும் வழக்கமும் எனக்கு இல்லை. தேறிய அளவை மட்டும்தான் எழுதுவேன். பத்தொன்பது வருட நோட்டுகளில் ஓர் அடித்தல் திருத்தலைக் காட்டிவிட முடியாது. கலவைக் கூடத்தில் எனக்குப் 'பத்துச் சுத்து' என்று பெயர் வைத்திருந்தார்கள். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

கலவைக் கூடத்தின் ஃபோர்மேன் என் மச்சான், என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு இந்த வேலையே அவர் சொல்லித்தான் கிடைத்தது. அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசிக் கணக்கைத் தீர்த்திருப்பேன். அவர் வாயே திறக்காததால் அது தொண்டையில் மீன்முள்ளாக அப்படியே நின்றுவிட்டது. நல்ல மனிதர்களோடு உறவு வைத்துக்கொள்வதில் இந்தத் தொல்லை இருக்கிறது.

அவருடைய மீட்டர் அவருடைய கட்டைவிரல். ஒரு பொட்டுப் பசையை எடுத்து ஆள்காட்டி விரலோடு சேர்த்துத் தேய்ப்பார், இழுப்பார், கொஞ்ச நேரம் கூரையைப் பார்ப்பார். பிறகு "சரியா இருக்கு" என்பார். எத்தனை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எண் இல்லாத ஒரு விஷயத்தை நான் எப்படி மதிப்பது?

ஆறு மாதத்துக்கு முன்னால் பிசின் தூளை மாற்றினார்கள். பற்பசையைக் கெட்டியாக்குவது இந்தத் தூள்தான். தண்ணீரில் ஊறினால் அதன் மூலக்கூறுகள் நீள நீளமான நூல்களாக விரியும். சும்மா விட்டால் அந்த நூல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறுகும், கலக்கினால் பிடி விட்டு இளகும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். படிக்கிற காலத்தில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

புதுத் தூள் வந்த மூன்றாம் நாள் மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு என் அறைக்கே வந்தார்.

"மாப்பிள்ளை, இந்தத் தூள் பழசு மாதிரி இல்ல. கலக்குறப்ப ரொம்ப இளகுது, சும்மா விட்டா ரொம்ப இறுகுது. கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிருந்து அளந்து பாருங்களேன்."

"உங்க கட்டைவிரலுக்குச் சான்றிதழ் யாரு குடுத்தா மச்சான்?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அன்றைக்கு அந்தப் பதிலை மிகவும் ரசித்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னேன், அவள் ரசிக்கவில்லை.

அதன் பிறகு தினமும் ஒரே கதைதான். கிண்ணம் வரும், பத்து முறை கலக்குவேன், மீட்டர் முப்பது காட்டும். தொலைபேசியை எடுத்து, தண்ணியா இருக்கு, இன்னும் கொஞ்சம் தூள் போடுங்க என்பேன். போதுமான அளவு கெட்டியாகத்தான் இருக்கிறது என்பார் மச்சான். மீட்டர் அப்படிச் சொல்லவில்லையே என்பேன். போடுவார். மறுபடி முப்பத்தைந்து. மறுபடி தொலைபேசி. நாற்பத்திரண்டு வந்ததும் நோட்டில் நாற்பத்திரண்டு என்று முத்துமுத்தாக எழுதுவேன்.

நாலு மாதம் கழித்துக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. டியூபை அழுத்தினால் பசை வெளியே வரமாட்டேன் என்கிறதாம். ஒருவர் டியூபைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியிருக்கிறார். ஒரு பெண்மணி காய் நறுக்கும் கத்தியால் டியூபை வகுந்து, பசையைத் துண்டு போட்டு வீட்டாருக்குப் பங்கு வைத்திருக்கிறார். ஒருவர் தன் டியூபையே உறையில் போட்டு அனுப்பி, எங்களால் முடிந்தால் பிதுக்கித் திருப்பி அனுப்பும்படி பணிவோடு கேட்டிருந்தார். மேலாளர் முயன்றார். முடியவில்லை.

மேலாளர் யோசித்த விதத்தில் எந்தப் பிழையும் இல்லை. சோதனை அறையில் பசை தேறியிருக்கிறது. டியூபுக்குள் கல்லாக இருக்கிறது. ஆகவே நடுவில் யாரோ எதையோ போட்டிருக்கிறார்கள். கிடங்கில் பார்த்தால் பிசின் தூள் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு செலவாகியிருந்தது. நடுவில் இருப்பவர் என் மச்சான்.

வெள்ளிக்கிழமை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மச்சான், சோதனை அறை கேட்கக் கேட்கப் போட்டதாகச் சொன்னார். எங்கே எழுதியிருக்கிறது என்று மேலாளர் கேட்டார். மச்சானிடம் எழுத்து எதுவும் இல்லை. என் நோட்டில் நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று என்று பக்கம் பக்கமாக அழகு. மேலாளர் என்னைப் பார்த்தார்.

"போடச் சொன்னது உண்மைதான் சார். ஆனா கொஞ்சம்னுதான் சொன்னேன்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன். கட்டைவிரலை நம்பும் மனிதர் கணக்கில்லாமல் அள்ளிக் கொட்டியிருப்பார் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் தலையைக் குனிந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு உள்ளூரக் குளிர்ச்சியாக இருந்தது. மச்சான் என்மேல் பழி சொல்லவில்லை. சோதனை அறை கேட்ட அளவு வரும்வரை போட்டேன் என்று மட்டும் இன்னொரு தரம் சொன்னார். புதன்கிழமை ஐந்து மணிக்குள் அவராக விலகல் கடிதம் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் குற்றம் எழுதி வெளியே அனுப்புவோம் என்று மேலாளர் முடித்துவிட்டார். ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்த மனிதர் அவர்.

வீட்டில் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை நான் பல் தேய்க்கப் போனபோது எங்கள் கம்பெனி டியூப் ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"எல்லாத்துக்கும் அண்ணன்தான் காரணம்னீங்கல்ல. நீங்க தேறிடுச்சுன்னு எழுதின பசை இது. அழுத்துங்க, பாக்கலாம்."

மானப் பிரச்சினையாகிவிட்டது. அழுத்தினேன். அசையவில்லை. கழுவுதொட்டியின் விளிம்பில் வைத்து உடம்பின் பாரத்தையெல்லாம் வலது மணிக்கட்டில் இறக்கினேன். மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. அதே நொடியில் பசை மனம் மாறி இளகிவிட்டது. அதுவரை ஒரு பொட்டுக்கூட வராத டியூபிலிருந்து மொத்தமும் பாய்ந்து வந்து கண்ணாடியில், சுவரில், என் சட்டையில் விழுந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உன் அண்ணனுக்குத் தூள் விஷயத்தில் தாராள மனசு என்றுதான் சொல்ல வாய் வந்தது. அவள் சிரிக்காமல் வீங்கிய கைக்குக் கட்டுப் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை கட்டுப் போட்ட கையோடு வேலைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை கடைசியாகத் தூள் போட்டு அனுப்பிய கிண்ணம் ஒன்று அளக்கப்படாமல் மூடி வைக்கப்பட்டிருந்தது. கரண்டியை இடது கையில் பிடித்துப் பார்த்தேன். ஒரே வேகம் வராது என்று தெரிந்தது. அரைகுறையாகக் கலக்குவதைவிடக் கலக்காமலே விடுவது மேல் என்று அப்படியே மீட்டரில் வைத்தேன். கம்பி முனகியது. மீட்டர் நூற்று முப்பது காட்டியது.

மீட்டர் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கம்பியைத் துடைத்தேன், ஒயரைச் சரிபார்த்தேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் எப்படியோ பத்து சுற்று கலக்கி அளந்தேன். நாற்பத்திரண்டு. அப்படியே விட்டுவிட்டு மதியச் சாப்பாடு முடிந்து வந்து அளந்தேன். எண்பத்தெட்டு.

ஆறு மாதமாக நான் அளந்தது பசையை அல்ல, என் கரண்டி செய்த வேலையை. பழைய தூள் கலக்கினாலும் பெரிதாக மாறாது, அதனால் என் பத்துச் சுற்று யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. புதுத் தூள் கலக்கினால் தண்ணீராகி, விட்டால் கல்லாகும் ரகம். சரியாக இருந்த பசையை நான் கலக்கி இளக்கிவிட்டு, இளகிவிட்டது என்று அவர்மேல் குறை சொல்லியிருக்கிறேன். அவர் தூள் போட்டிருக்கிறார். கடையில் மாதக்கணக்கில் கிடக்கும் டியூபுக்குள் புகுந்து யார் பத்து முறை கலக்கிக் கொடுப்பார்கள்?

மேலாளரின் அறை என் அறையிலிருந்து நாலாவது கதவு. எழுந்து கதவுவரை போனேன். கைப்பிடியைத் தொட்டேன். அப்போதுதான் எனக்கு விஞ்ஞானம் ஞாபகம் வந்தது. ஒரே ஓர் அளவை வைத்து முடிவுக்கு வரலாமா? குறைந்தது மூன்று வேண்டும். ஒவ்வொரு கிண்ணத்தையும் முழுசாக ஒரு நாள் அசையாமல் வைத்திருக்க வேண்டும். புதன்கிழமை காலைக்குள் மூன்றும் கிடைத்துவிடும், கெடு ஐந்து மணிவரை இருக்கிறது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

உண்மை என்னவென்றால், மச்சானின் கட்டைவிரலுக்கு முன்னால் முட்டாளாக நிற்பதை இரண்டு நாள் தள்ளிப்போட விரும்பினேன். அதற்கு மூன்று அளவு என்று பெயர் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது கிண்ணம் நூற்று இருபத்தெட்டு காட்டியது. அன்று வராண்டாவில் மச்சான் எதிரே வந்தார். முகம் வாடியிருந்தது, சவரம் செய்யவில்லை. என் கட்டைப் பார்த்துவிட்டு நின்றார்.

"கை எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"பரவாயில்ல மச்சான்."

வெந்நீரில் உப்புப் போட்டு ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். இன்னும் ஏதாவது பேசுவேனா என்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றார். நாக்கு நுனிவரை வந்தது. நாளைக்கு மூன்று அளவோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டேன்.

புதன்கிழமை காலை மூன்றாவது கிண்ணம் நூற்று முப்பத்தொன்று. மூன்றையும் கட்டம் போட்டு எழுதி, பதினோரு மணிக்கு மேலாளரிடம் கொண்டுபோனேன். தவறு என்னுடையது, மச்சானுடையது அல்ல என்று நின்றபடியே சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு மாதக் குழப்பத்துக்கு விடை கிடைத்துவிட்டதே என்று என் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம்தான் மேசைமேல் இருந்த கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். அது மச்சானின் கையெழுத்து.

ஐந்து மணிவரை அவர் காத்திருக்கவில்லை. கூடத்து ஆட்கள் எல்லாரும் பார்க்கப் போக வேண்டாம் என்று காலை வேலை தொடங்கும் முன்பே வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தலைமை அலுவலகத்துக்கு நகல் போய்விட்டதாம், அந்த இடத்துக்கு ஆளும் போட்டாயிற்றாம். கடிதத்தில் சொந்த விருப்பத்தால் விலகுவதாகத்தான் இருக்கிறது, ஆகவே திரும்பப் பெறுவதற்குக் குற்றச்சாட்டு என்று ஒன்றும் இல்லை என்றார் மேலாளர். நான் கெஞ்சினேன். குரல் உயர்ந்துவிட்டது. கேட்டுப் பார்க்கிறேன் என்றார், கேட்கப் போவதில்லை என்பது அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. இனி எல்லாக் கிண்ணங்களும் ஒரு நாள் அசையாமல் இருந்த பிறகே அளக்கப்படும் என்ற புது முறையை என் பெயரிலேயே கொண்டுவருவதாகச் சொல்லி, பாராட்டுக் கடிதம் ஒன்றையும் தட்டச்சு செய்யச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அண்ணன்மேல் தவறில்லை, தவறு என்னுடையது என்று மேலாளரிடம் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவள் அழுதாள். இத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போன வேலை போகட்டும், அண்ணன் பெயர் சுத்தமானதே போதும் என்றாள். உடனே அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவர் கண்டுபிடிச்சுட்டார் அண்ணா, உங்க மேல தப்பே இல்லையாம் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் என்ன கேட்டார் என்று தெரியவில்லை. அவள் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"எப்பத் தெரிஞ்சுதுன்னு அண்ணன் கேக்குறார். இன்னைக்குத்தானே?"

இன்றைக்குத்தான் என்று தலையாட்டியிருந்தால் போதும். அவளே சொல்லிக்கொண்டிருப்பாள். எதனாலோ கையை நீட்டித் தொலைபேசியை வாங்கிக்கொண்டேன்.

"திங்கக்கிழமை, மச்சான்."

மனைவி என் முகத்தையே பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை நாம வராண்டாவுல பேசினோமே மாப்பிள்ளை" என்றார்.