கிணற்றுக்கு நேர்வழி

ஜொகூர் பாருவின் பழைய படகுத்துறைத் திடலை அழகுபடுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நாங்கள் யாரும் கவலைப்படவில்லை. அழகு யாருக்குக் கசக்கும்? கடலில் கல்லைக் கொட்டிப் பாலம் போட்டு, அதன்மேல் ரயில் ஓட ஆரம்பித்ததும் சிங்கப்பூர்ப் படகுகள் நின்றுபோயின. திடல் வெறிச்சோடிக் கிடந்தது. வேலையை நடத்தும் வெள்ளைக்காரத் துரை வரைந்த படத்தில் அங்கே புல்தரை இருந்தது, பூப்பாத்தி இருந்தது, வானத்தைப் பார்த்துத் தண்ணீர் பீச்சும் ஒரு தொட்டியும் இருந்தது. கிணறு மட்டும் இல்லை.

அந்தக் கிணறு இந்த ஊருக்கு மூத்தது. கடலுக்கு அத்தனை பக்கத்தில் இருந்தும் உப்புக் கரிக்காத தண்ணீர். படகுக்காரர்கள் பீப்பாயில் நிரப்பிக்கொண்டு போவார்கள். பாலத்துக்குக் கல் சுமந்த எங்கள் கூலி லயத்துக் குடும்பங்கள் எல்லாம் அதைத்தான் குடித்தோம். அதை மூடிவிட்டால் அடுத்த தண்ணீர் தண்டவாளத்தைத் தாண்டி மேட்டுக்கு மேலே. பகலெல்லாம் கல் சுமந்த தலையில் மறுபடி குடத்தை ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டும். உலை வைப்பது அதற்குப் பிறகுதான். படம் வரைந்தவர் வீட்டில் தண்ணீர் தானாக வந்துகொண்டிருந்தது போலும்.

பேச்சியம்மாள்தான் போய்க் கேட்டாள். எங்கள் கூட்டத்தில் அதிகம் பேசாதவள் அவள். பேசிவிட்டால் மறுத்துப் பேச ஆளிருக்காது. எங்களை வேலை வாங்கும் மண்டோர் லெட்சுமணன் சிரித்தார். துரைக்கே படம் போடக் கற்றுக்கொடுக்கப் போகிறாயா என்று கேட்டார். ஆடித் திருவிழா முடிந்த மறுநாள் கிணற்றில் மண் கொட்டுவது என்று சொல்லி அனுப்பினார்.

மண்டோருக்கு முதல் மரியாதையில் ஒரு பைத்தியம் உண்டு. லயத்து மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டும்போது எல்லார் கைக்கும் முன்னால் அவர் கை நீள வேண்டும். அந்த ஆண்டும் நீண்டது. பூசாரி காசி மஞ்சள் கயிற்றை முடிந்துவிட்டார். காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டக் கூடாது. கவிச்சி, கள், சவரம் எதுவும் ஆகாது. கரகத்துக்கு எடுத்த தண்ணீரைக் கடைசி நாளில் எடுத்த கிணற்றிலேயே ஊற்ற வேண்டும். அதுவரை காப்பும் அவிழாது. அந்த ஆண்டு கரகம் பேச்சியம்மாளின் வேண்டுதல். தண்ணீர் எடுத்தது படகுத்துறைக் கிணற்றில். மண்டோர் இதை யோசிக்கவேயில்லை. மாலை கழுத்தில் விழுந்துவிட்டால் அவருக்கு வேறெதுவும் தோன்றாது.

கடைசி நாள் மேளம் அடித்தார்கள். கரகத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் எழுந்திருக்கவில்லை.

"கெணத்த மூட மாட்டோம்னு தொரை சொல்லட்டும். அன்னிக்குக் கரகம் எறங்கும்" என்றாள்.

மேளம் நின்றது. ஒரு வாரம் போனது, இன்னொன்றும் போனது. காப்புக் கட்டிய ஆண்கள் எல்லாம் தாடியோடு சாமியார் கூட்டம் மாதிரி வேலைக்குப் போனார்கள். என் வீட்டுக்காரர் சீனர் கடைப் பக்கம் போய்க் கருவாட்டு வாசத்தை மட்டும் பிடித்துவிட்டு வருவார். வீட்டில் என்னை முறைப்பார். முறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மண்டோருக்குத்தான் தலை போகிற அவசரம். அவர் மகளுக்குச் சிங்கப்பூரில் நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். முதலில் வந்து வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்று கத்தினார். மறுநாள் குரல் இறங்கியது. பெற்றவன் இல்லாமல் எப்படித் தட்டு மாற்றுவது என்று கேட்டார்.

பேச்சியம்மாள் அவரை உட்காரச் சொன்னாள். "போயிட்டு வாங்கய்யா. காப்ப நீங்களே அறுத்துப் போட்டுட்டுப் போங்க, யாரு உங்க கையப் புடிச்சா? நாளைக்கு வீட்டுல அம்மை வாத்துச்சின்னா மட்டும் எங்க வாசலுக்கு வேப்பெல கேட்டு வராதீங்க."

அவர் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மேட்டிலிருந்து குடம் தூக்கப் போகிறவர் அவர் இல்லையே.

துரை சும்மா இருக்கவில்லை. மண்ணைக் கொட்ட வேறு ஆட்களை, சீனர்களை, கொண்டுவந்தார். கிணற்றைச் சுற்றி நாங்கள் ஏற்றிய விளக்கையும் பூவையும் வேப்பிலையையும் அவர்களுடைய தலைவர் பார்த்தார். மண்வெட்டியைக் கீழே வைத்தார், கும்பிட்டார், ஆட்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் மண்டோர்தான் துரையிடம் போய் நின்றார். என்ன சொன்னாரோ தெரியாது. திரும்பி வந்து, கிணறு இருக்கும், துரை சொல்லிவிட்டார் என்றார். அன்று சாயங்காலமே கரகத் தண்ணீர் கிணற்றில் விழுந்தது. மண்டோர் பாதிச் சவரத்தோடு சிங்கப்பூர் ரயிலுக்கு ஓடினார்.

தோற்றதைத் துரையால் தாங்க முடியவில்லை. கிணற்றை விட்டுவைத்து, லயத்திலிருந்து அதற்குப் போகும் வழி முழுவதும் புல் போடச் சொன்னார். நாங்கள் கடலோரச் சாலையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வர வேண்டுமாம். புல்லை மிதிக்காதே என்று பலகை நட்டார்கள். மூன்று மொழிகளில் எழுதியிருந்தது, தமிழ் இல்லை. அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

காலையில் கூலிக்குப் புல் பதித்தவர்கள் நாங்கள்தான். மாலையில் குடத்தோடு அதை மிதித்துக்கொண்டு போனவர்களும் நாங்கள்தான். போலீஸ்காரர் கை நீட்டி மறித்தார். இடுப்பில் குடம் இருக்கும்போது கீழே பார்க்க முடியாது என்று பேச்சியம்மாள் பாதி மலாயில் சொல்லிவிட்டு நடந்தாள். புல் காய்ந்தது. மறுபடி பதித்தோம், மறுபடி மிதித்தோம். திடலின் குறுக்கே செம்மண் தடம் ஒன்று விழுந்துவிட்டது. துரை ஒரு நாள் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்தத் தடத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் மண்டோர் ஒரு கட்டு முளைக்குச்சியும் சுத்தியலுமாக வந்தார். திடலில் கல் பாவப் போகிறார்கள், வழியை எந்தப் பக்கமாகப் போடுவது என்று பேச்சியம்மாளிடம் கேட்டார்.

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றைப் பார்த்து நடந்தாள். அவள் கால் பட்ட இடமெல்லாம் மண்டோர் குனிந்து குனிந்து முளை அடித்துக்கொண்டே வந்தார்.